ஆர்ல்: எந்த மாதம் போவது, எந்த விழாவுக்குச் சீட்டு எடுப்பது?

கேள்வி, ஜனவரி 11

பாரிஸில் இருக்கிறேன். ஈஸ்டர் சமயத்தில் அப்பாவும் அம்மாவும் காரைக்குடியிலிருந்து வருகிறார்கள். தெற்கே ஆர்ல் நகரத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று திட்டம். ரோமானியர் கட்டிய வட்ட அரங்கில் அப்போது காளை விழா நடக்குமாம். அப்பாவுக்கு மாடு என்றால் உயிர், சிராவயல் மஞ்சுவிரட்டை ஒரு வருஷமும் விடமாட்டார். அரங்கம், வான்கோ வரைந்த இடங்கள் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள் அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டு எடுக்கப்போகிறேன். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

சீட்டு எடுக்காதீர்கள், ஒரு நாள் பொறுங்கள். ஈஸ்டரில் அந்த அரங்கில் நடப்பது கொரிதா, ஸ்பானிய முறை. காளையைக் கொன்றுதான் முடிப்பார்கள். மஞ்சுவிரட்டு பார்க்கிற கண்ணோடு உங்கள் அப்பா அங்கே உட்காரக் கூடாது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 12

நான் மார்சேயில் குடியிருக்கிறேன். ஆர்ல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். விருந்தாளிகள் யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஆர்லில் காளை விளையாட்டு இரண்டு உண்டு. இரண்டும் அதே ரோமானிய அரங்கில், அதே மணலில் நடக்கும். சுவரொட்டியிலும் இரண்டுக்கும் காளைப் படம்தான். வெளியூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சீட்டு விற்பவரும் எடுத்துச் சொல்லமாட்டார்.

முதலாவது கொரிதா. வழக்கமாக ஒரு மாலையில் ஆறு காளைகள். காளையைக் கொல்லும் மத்தாதோர்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு. குதிரைமேல் வருபவர் ஈட்டியால் காளையின் பிடரியில் குத்துவார். அப்புறம் வண்ணக் காகிதம் சுற்றிய முள்கம்பிகளைச் செருகுவார்கள். கடைசியில் வாள். காளை ஒன்றுக்குக் கால் மணி, இருபது நிமிடம். செத்த மாட்டைக் கோவேறு கழுதைகளோ குதிரைகளோ பூட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கூட்டம் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் மத்தாதோருக்கு அந்தக் காளையின் காதை அறுத்துப் பரிசாகக் கொடுப்பார்கள்.

இரண்டாவது கூர்ஸ் கமார்கேஸ். இது இந்த மண்ணின் விளையாட்டு. ரோன் ஆறு இரண்டாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சதுப்பு நிலம்தான் கமார்க். அங்கே திறந்த வெளியில் வளரும் கறுப்புக் காளைகளைக் கொண்டுவருவார்கள். ஸ்பானியக் காளையைவிடச் சிறிய உடம்பு, கொம்பு மேல்நோக்கி வளைந்து நிற்கும். நெற்றியில், இரண்டு கொம்புக்கும் நடுவே, ஒரு சிவப்பு நாடாத்துண்டு. கொம்படியில் வெள்ளைக் குஞ்சங்களும் சுற்றிய நூலும். வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் கையில் பல்வைத்த சிறு உலோகக் கொக்கியோடு குறுக்கே ஓடி அவற்றை அறுத்தெடுக்க வேண்டும். ஒரு காளைக்கு 15 நிமிடம். மணி முடிந்தால் காளை வெளியே போகும், வண்டியேறும், மேய்ச்சலுக்குத் திரும்பும். அதே காளை அடுத்த மாதம் இன்னொரு ஊரில் ஓடும். வருஷக்கணக்கில் ஓடும்.

உங்கள் அப்பாவுக்கு இதைக் காட்டுங்கள். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஆர்லைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கேயாவது நடந்துகொண்டேயிருக்கும்.

ஜனவரி 12, மாலை

சுவரொட்டியைப் படிக்க ஒரு வழி. கொரிதா, நொவில்லாதா, ரெகோன், கோயெஸ்க் என்று எந்தச் சொல் இருந்தாலும் காளை சாகும். கூர்ஸ் கமார்கேஸ், கொக்கார்த் தோர், தொரோ பிசின் என்று இருந்தால் சாகாது. தொரோ பிசின் என்பது நடுவில் தண்ணீர்த் தொட்டி வைத்து, இளம் மாட்டை விட்டு, பார்க்க வந்த பையன்களையே இறக்கி விளையாட விடுவது. குழந்தைகளுக்கு அது போதும்.

ஜனவரி 15

"ஜல்லிக்கட்டு மாதிரிதானே, எதற்கு இவ்வளவு பில்டப்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு விஷயத்தில் நிஜமாகவே நெருக்கம்தான், அதனால்தான் எழுதுகிறேன்: இரண்டு இடத்திலும் காளைக்குத்தான் பெயர். கூர்ஸ் கமார்கேஸ் சுவரொட்டியில் காளையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், ஓடுகிற மனிதர்கள் கீழே சின்னதாக. எந்த மனாத் வளர்த்த காளை என்பதும் சேர்ந்தே வரும். மனாத் என்றால் மந்தையும் பண்ணையும் சேர்ந்தது. காளை ஆளைத் துரத்திக்கொண்டு போய்த் தடுப்புப் பலகையை முட்டித் தகர்த்தால் ஒலிபெருக்கியில் 'கார்மென்' இசைநாடகத்தின் இசை வரும். அது காளைக்கு மரியாதை. ஆள் ஜெயித்ததற்கு இல்லை.

லெ கைலார் என்ற ஊரின் நுழைவில் ஒரு கல்லறை உண்டு. 1933-ல் இறந்துபோன லெ சாங்லியே என்ற காளையினுடையது. போக்கேர் ஊரில் கோயா என்ற காளைக்குச் சிலை. நம் பக்கத்தில் கோயில் காளை செத்தால் ஊரே கூடி மாலை போட்டு அடக்கம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பரிசு முறையும் உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். ஆட்டம் நடக்கும்போதே அறிவிப்பாளர் "நாடாவுக்கு இன்னும் இத்தனை யூரோ, இன்ன ரொட்டிக்கடை தருகிறது" என்று ஏற்றிக்கொண்டே போவார். அண்டா, சைக்கிள் என்று வாடிவாசலில் அறிவிக்கிற குரலேதான், மொழி மட்டும் வேறு.

ஜனவரி 16

கொரிதா நடக்கிற ஊருக்கே போகக் கூடாது என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நான் கொரிதாவுக்குப் போவதில்லை. ஒரு முறை நண்பரோடு போய், முதல் காளை விழுந்ததுமே இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டோம். நண்பர் இரவு சாப்பிடவில்லை.

சட்டம் சொல்வது இது. மிருகத்தை வதைப்பது பிரான்சில் குற்றம், ஆனால் விட்டுப்போகாமல் நடந்துவரும் உள்ளூர் மரபு இருக்கும் இடங்களில் கொரிதாவுக்கு விலக்கு. 1951 முதல் இதுதான் நிலை. 2012-ல் அரசியலமைப்பு மன்றமும் அந்த விலக்கைச் செல்லும் என்றது. 2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஒரு தடை மசோதா வந்து, வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. ஊருக்குள்ளேயே எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடவில்லையே. ஆர்லை மொத்தமாக ஒதுக்கினால் கொல்லாத விளையாட்டையும் அதை வளர்க்கும் மனிதர்களையும் சேர்த்தே ஒதுக்குகிறோம். நம் காசு எந்தச் சீட்டுக்குப் போகிறது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஜனவரி 19

கேட்டவருக்கு: விடுமுறையை நகர்த்த முடியுமா? ஈஸ்டரை விட்டுவிட்டு மே 1-க்குப் போங்கள். ஆர்லை ஒரே ஒரு நாள்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்லும் நாள் அதுதான்.

அன்று கார்தியான்களின் விழா. கார்தியான் என்றால் வெள்ளைக் கமார்க் குதிரைமேல் ஏறிக் காளைமந்தையை மேய்ப்பவர். அவர்களுக்கு 1512-லிருந்து ஒரு சபை இருக்கிறது, புனித ஜார்ஜ் பெயரில். இல்லாத, இயலாத மேய்ப்பர்களுக்கு உதவத் தொடங்கிய சபை. காலையில் குதிரைகள் லீஸ் புல்வார் என்ற அகலமான சாலையிலிருந்து மேலே ஏறி அரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் நோத்ர்தாம் த லா மழோர் மாதா கோயிலுக்குப் போகும். வாசலில் குதிரைகளுக்கு மந்திரிப்பு. உள்ளே பூசை இந்த வட்டாரத்தின் ப்ரொவான்சால் மொழியில் நடக்கும். குதிரையின் பின்பக்கத்தில் ஒரு பெண் ஆர்ல் உடுப்பில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவாள். கல் பாவிய குறுகிய தெருவில் அத்தனை குளம்புகள் ஒன்றாக ஏறுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

மதியத்துக்கு மேல் அரங்கில் குதிரை விளையாட்டுகள். ஓடுகிற குதிரையிலிருந்து தட்டில் நீட்டிய ஆரஞ்சை எடுப்பது, தொங்கும் சிறு வளையத்தைக் கோலால் எடுப்பது, ஒருவர் கையிலிருக்கும் பூங்கொத்தை மற்றவர்கள் பறிக்கத் துரத்துவது. பூங்கொத்தைக் காப்பாற்றியவர் அதைக் கொண்டுபோய்த் தனக்குப் பிடித்த பெண்ணிடம் கொடுப்பார். யாரும் சாகாத அரங்கம்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அன்றுதான் ஆர்ல் அரசியை அறிவிப்பார்கள், நகர மன்ற மாடத்திலிருந்து. முதல் அரசி 1930-ல். இதை அழகிப் போட்டி என்று நினைக்க வேண்டாம். ப்ரொவான்சால் பேச வேண்டும், வரலாறு, கட்டடம், இலக்கியம், உடுப்பு எல்லாவற்றிலும் தேர்வு உண்டு.

ஜனவரி 19, பின்னிரவு

முக்கியமானதை விட்டுவிடக் கூடாது. மே 1 தொழிலாளர் தினம். நினைவுச்சின்னங்களும் அருங்காட்சியகங்களும் அன்று மூடியிருக்கும். அதனால் ஏப்ரல் 30-ஆம் தேதியே வந்து கல்லையெல்லாம் பார்த்துவிடுங்கள். ஒரு நாளில் முடியும் என்று அலுவலகத்தில் சொன்னவர்கள் கல்லை மட்டும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 23

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் எதை ஏறலாம் என்று கேட்டிருந்தார்கள்.

வட்ட அரங்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 136 மீட்டர் நீளம், 109 மீட்டர் அகலம், அன்று சுமார் 20,000 பேர் உட்கார்ந்தார்கள். படிகள் உயரம், கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. கீழ்த்தளத்தில் சுற்றி வந்தாலே போதும். ஆனால் உங்களால் முடிந்தால் மேலே நிற்கும் கோபுரத்துக்கு ஏறுங்கள். அது ரோமானியருடையது இல்லை, இடைக்காலத்தில் சேர்த்தது. பேரரசு விழுந்த பிறகு மக்கள் இந்த அரங்கத்தையே கோட்டையாக்கி உள்ளே குடியேறினார்கள். இருநூறுக்கும் மேல் வீடுகள், இரண்டு சிறு கோயில்கள். மணல் இருக்கும் இடத்தில் தெருக்கள். 1825-க்குப் பிறகுதான் வீடுகளை இடித்து அரங்கத்தை வெளியே எடுத்தார்கள். 1830-ல் மறுபடி காளை ஓடியது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த சேதி இதுதான்.

அலிஸ்கான் கல்லறைச் சாலை சமதளம், நிழல் உண்டு. சென் த்ரோஃபிம் கோயிலின் 12-ஆம் நூற்றாண்டு முகப்பைச் சதுக்கத்தில் நின்றே பார்க்கலாம். ஊருக்கு வெளியே நீல நிறத்தில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு நடை கொஞ்சம் தூரம், உள்ளே சுலபம். ரோன் ஆற்றின் அடியிலிருந்து 2011-ல் தூக்கிய 31 மீட்டர் நீள ரோமானியப் படகு அங்கே முழுசாகக் கிடக்கிறது. அதற்காகவே போகலாம்.

பிப்ரவரி 2

வான்கோ பற்றி. ஆர்லில் வான்கோ ஓவியம் நிரந்தரமாக எங்கும் இல்லை. 1888 பிப்ரவரியில் வந்தார், 1889 மே மாதம் போனார். அதற்குள் சுமார் 200 ஓவியம். ஒன்றும் ஊரில் தங்கவில்லை. அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை 2014-ல் கட்டடம் திறந்து, வெளியிலிருந்து இரவல் வாங்கிக் காட்டுகிறது. அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944-ல் குண்டு விழுந்து போய்விட்டது. அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் முற்றம் இருக்கிறது, தோட்டம் ஓவியத்தில் உள்ளபடியே நட்டிருக்கிறார்கள்.

இந்த இழைக்குப் பொருத்தமான ஓவியம் ஒன்று உண்டு. 1888 டிசம்பரில் அரங்கத்தை வரைந்தார். ஓவியம் முழுக்கக் கூட்டம்தான். தொப்பிகள், முகங்கள், ஆர்ல் பெண்களின் கொண்டை. காளை எங்கேயோ மேலே சின்னதாக. விழாவில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 9

அம்மா சைவம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள்.

தப்பெனாத் என்று ஆலிவ் விழுது வைப்பார்கள், பார்த்தால் சைவம்தான். நெத்திலி சேர்த்து அரைத்திருப்பார்கள். கேட்காமல் தொட வேண்டாம். உணவுப் பட்டியலில் கார்தியான் (gardiane) என்று இருப்பது மேய்ப்பவர் இல்லை, காளைக்கறிக் குழம்பு. கூட வரும் சோறு கமார்க் அரிசி, அதை மட்டும் தனியாகக் கேட்டால் தருவார்கள். பிஸ்து சூப்பு துளசி இன இலை, பூண்டு, காய்கள், பீன்ஸ் சேர்ந்தது, ஆனால் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு போடுவார்கள், பாலாடைக்கட்டியும் விழும். சனிக்கிழமை காலை லீஸ் புல்வாரில் நீளமான சந்தை. பழம், ரொட்டி, ஆலிவ், சிவப்பு அரிசி வாங்கிக்கொண்டு, சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். என் மாமியார் வந்தபோது சிவப்பரிசியில் தயிர்சாதம் பிசைந்தார். ஊறவைத்துக் கொஞ்சம் கூடுதலாக வேகவிட்டால் நன்றாகவே வரும்.

பிப்ரவரி 10

அந்த அரிசிக்கு ஒரு கதை இருக்கிறது. கமார்க் மண் உப்பு மண். ரோன் தண்ணீரை வயலில் கட்டி நிறுத்தினால் உப்பு கீழே இறங்கும், அதனால்தான் நெல் போடுகிறார்கள். நெல் இருந்தால்தான் அடுத்து கோதுமைக்கு அந்த மண் ஆகும். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் தன் காலனியான இந்தோசீனாவிலிருந்து சுமார் 20,000 பேரைத் தொழிற்சாலை வேலைக்கென்று கொண்டுவந்தது. பலரை வற்புறுத்தியே பிடித்தார்கள். அவர்களில் சில நூறு பேரை 1941 முதல் கமார்க் வயலில் இறக்கினார்கள். நெல் சாகுபடி அவர்கள் கையால்தான் இங்கே நிமிர்ந்தது. ஆர்ல் எல்லைக்குள் வரும் சலான் த ஜிரோ ஊரில் 2014-ல் அவர்களுக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

செப்டம்பரில் வரும் நெல் ஃபேரியா என்ற காளைத் திருவிழாவுக்கு யார் போனாலும் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மார்ச் 8

ஈஸ்டரைப் பற்றி மறுபடி யோசித்தேன். தேதியை நகர்த்த முடியாதவர்கள் போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொரிதா அரங்கத்துக்குள்ளே நடக்கிறது. வெளியே தெருவெல்லாம் வேறு திருவிழா: பித்தளை வாத்தியக் குழுக்கள், பெரிய வட்டச் சட்டியில் பாயேய்யா என்ற ஸ்பானியச் சோறு, இரவு முழுக்க ஆட்டம். அப்ரிவாதோவும் உண்டு, கார்தியான்கள் குதிரைகளை நெருக்கி நடுவில் காளைகளை வைத்துத் தெருவில் ஓட்டிவருவது. தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். தடுப்புக் கம்பிகளின் இடைவெளி மனிதன் நுழையத்தான் விட்டிருக்கிறார்கள், அதனால் குழந்தையின் கையை விடவே கூடாது. தங்கும் அறை ஊருக்குள் எடுத்தால் தூக்கம் இருக்காது. பெரியவர்கள் என்றால் அவினியோனில் தங்கிவிட்டு ரயிலில் வரலாம், இருபது நிமிடத்துச் சொச்சம்.

மே 4

கேட்டவர் தேதியை மாற்றி, மே 1-க்குப் போய் வந்துவிட்டார். எல்லோரும் படித்திருப்பீர்கள். அப்பா குதிரைகளுக்குப் பின்னாலேயே கோயில் வரை நடந்தாராம், ஒரு கார்தியானிடம் சைகையிலேயே மாட்டின் பல் பார்த்து வயசு சொல்வதைப் பற்றிப் பேசினாராம். பிறகு பக்கத்து ஊரில் கூர்ஸ் கமார்கேஸும் பார்த்திருக்கிறார்கள். "மாட்டுக்குத் திமில் இல்லை, அதுதான் குறை" என்றாராம். எனக்கு மிகவும் சந்தோஷம்.

மே 6

அவருடைய அம்மா ஆர்ல் பெண்களின் உடுப்புத் துணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அந்தப் பூப்போட்ட பருத்தித் துணிக்கு இங்கே இந்தியேன் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் மார்சேய் துறைமுகம் வழியாக இந்தியாவிலிருந்து வந்த சாயத்துணிகள், நம் சோழமண்டலக் கரையின் எழுத்துத்துணிகளும் அதில் சேர்த்தி. வந்த வேகத்தில் உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்பு போகிறது என்று கத்தினார்கள். 1686-ல் அரசு தடை போட்டது, 1759 வரை நீடித்தது. ஆனாலும் பெண்கள் உடுத்துவதை விடவில்லை. அப்புறம் ப்ரொவான்ஸிலேயே அச்சடிப்பதும் பெருகியது.

இந்தத் துணிகளை அவர் மறுபடி வரும்போது மியூசியோன் ஆர்லாதனில் பார்க்கட்டும். கவிஞர் ஃப்ரெதெரிக் மிஸ்த்ரால் தொடங்கிய அருங்காட்சியகம். 1904-ல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அதில்தான் போட்டார். நீண்ட காலம் மூடியிருந்து 2021-ல் திறந்தார்கள்.

ஜூன் 15

ஜூலைக்குப் போகிறவர்களுக்கு. முதல் ஞாயிறு உடுப்பு விழா. ஊர்ப்பெண்கள் பழைய ரோமானிய நாடக அரங்கில் கூடுவார்கள். மார்பின் முன்னே மடிப்பு மடிப்பாக எடுத்துக் குண்டூசியாலேயே நிறுத்திய மெல்லிய சால்வை, உச்சியில் கட்டிய கொண்டை, அதைச் சுற்றி வெல்வெட் நாடா. கட்டிவிட இன்னொருவர் வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். அதற்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் பெகுலாதோ, கையில் விளக்கோடு ஊர்வலம். சீட்டு இல்லை, தெருவோரம் நின்றால் போதும்.

பெரும்பாலும் மறுநாளே, ஜூலை முதல் திங்களன்று, கொக்கார்த் தோர். கூர்ஸ் கமார்கேஸில் பெரிய போட்டிகளில் ஒன்று, 1928-லிருந்து நடக்கிறது. திங்கள்கிழமையாக இருந்தும் அரங்கம் நிறையும். நிழல் பக்கத்துச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஜூலை வெயில் கல்லைச் சுட்டுவிடும்.

அதே வாரத்தில்தான் புகைப்பட விழாவும் தொடங்கும். 1970-ல் லூசியன் க்லெர்க் என்ற ஊர்க்காரர் நண்பர்களோடு தொடங்கியது, இப்போது உலகமே வருகிறது. பழைய கோயில்கள், ரயில்வே பட்டறைகள் எல்லாம் காட்சிக்கூடம். முதல் வாரம் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. கண்காட்சிகள் செப்டம்பர் வரை இருக்கும், ஆகஸ்ட் கடைசியில் நிதானமாகப் பார்க்கலாம்.

நவம்பர் 20

டிசம்பர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நவம்பர் நடுவிலிருந்து சாந்தோன் கண்காட்சி உண்டு. ஏசு பிறப்புக் குடிலுக்கான மண் பொம்மைகள். மீன்காரி, ரொட்டிக்காரர், சாணை பிடிப்பவர் என்று ஊர் மனிதர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். புரட்சிக் காலத்தில் கோயில்களை மூடியபோது குடிலை மக்கள் வீட்டுக்குள் வைக்கத் தொடங்கி, அதிலிருந்து இந்தச் சின்ன பொம்மைகள் வளர்ந்தன. கார்தியான் பொம்மையும் கிடைக்கும். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் தெருக்கூத்துக் குழுக்களும் வரும்.

குளிரைவிட மிஸ்த்ரால் காற்றுதான் தொல்லை. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி நாள்கணக்கில் அடிக்கும், வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். காதை மூடும் தொப்பி எடுத்துப்போங்கள், குடை வேண்டாம், திருப்பிவிடும். பொம்மை வாங்கினால் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் கை, கால் உடைந்துதான் வரும்.